செத்தவன் போட்ட பாகல் பந்தல்

1

இன்று எனக்குத் திவசம். புரட்டாசி அமாவாசை. நான் உயிரோடுதான் இருக்கிறேன். சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில், அடுக்களை மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, கடைசிப் பறிப்புப் பாகற்காயை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருக்கிறேன். மகள் எதிரே உட்கார்ந்து விதைகளை நோண்டி எடுக்கிறாள். பத்து வயது. பாகற்காயின் வாசனையே ஆகாது என்று மூக்கில் துணி உலர்த்தும் கிளிப்பை மாட்டியிருக்கிறாள்.

"யாருக்குப்பா இது?" என்று அவளுடைய பள்ளிக்கூட ஆங்கிலத்தில் வருஷா வருஷம் கேட்பாள். உன் பெரியப்பாவுக்கு என்பேன். "அவரை உங்களுக்குப் பிடிக்காதே?" என்பாள். பிடிக்காது, அதனால்தான் அனுப்புகிறேன் என்பேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த காயை எடுப்பாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் குடியேறியவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், இட்லி மாவு புளிக்காததைப் பற்றி எழுதுவார்கள். நான் என் சாவைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதை எனக்குச் செய்து வைத்தவன் என் பெரியப்பா மகன் பெருமாள். அவனை அண்ணன் என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தேன். கோபம் வந்ததிலிருந்து 'அவன்' என்று எழுதுகிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

2

பெரியம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்கள் இருவரையும் வளர்த்தது என் அம்மா மாதம்மாள். பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸில் அரை மணி நேரம் போக வேண்டும் எங்கள் ஊருக்கு. கிணற்றோடு சேர்ந்து மூன்று ஏக்கர். அப்பா காலத்திலிருந்து கூட்டுப் பட்டா. பாதி அவன் பெயர், பாதி என் பெயர். மொச்சையும் கேழ்வரகும் போடுவோம், தண்ணீர் நின்றால் தக்காளி.

வேலியில் அம்மா ஒரு பாகல்கொடி படரவிட்டிருந்தாள். அந்தக் கொடி எனக்கு ஜென்ம விரோதி. தட்டில் பாகற்காய் விழுந்த நிமிஷம், அம்மா அடுப்புப் பக்கம் திரும்பட்டும் என்று காத்திருந்து, அப்படியே அண்ணன் தட்டில் தள்ளிவிடுவேன். அவன் அதையும் சேர்த்துத் தின்றுவிடுவான். எனக்குப் பிடித்தது மொச்சைக் குழம்பு. இது ஊருக்கே தெரியும், அவனுக்கு நன்றாகவே தெரியும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

சேலத்தில் வெல்டிங் படித்து, பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்து, எழுபத்தைந்தில் இங்கே வந்தேன். அதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். இங்கேயும் அதே வேலைதான். ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப்போகும் கப்பல்கள் குளிர்காலத்தில் ஏரி உறைவதால் ஓடமுடியாமல் கரைக்கு வந்து நிற்கும். அவற்றின் அடிவயிற்றில் படுத்துக்கொண்டு ஒட்டுப் போடுவோம்.

ஏரி என்றால் நம்மூர் ஏரியை நினைக்காதீர்கள். எதிர்க்கரை தெரியாது. புயல் அடிக்கும். அதில் கப்பல்கள் காணாமல் போயிருக்கின்றன. பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே இருக்காது. ஒரு கப்பல் சாயங்காலம் வரைக்கும் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்ததாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றதாம். அதன் பிறகு சத்தமே இல்லை. தேடிப்போனவர்களுக்கு ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி, அதில் மூழ்கியவன் மேலே மிதந்து வரமாட்டான் என்பார்கள். பாறையில் மோதியது, பேரலை அடித்தது, நடுவில் முறிந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பார்த்தவர் ஒருவரும் கிடையாது.

வந்த புதிதில் இதையெல்லாம் விழுந்து விழுந்து ஊருக்கு எழுதினேன். சும்மா எழுதியிருந்தால் பரவாயில்லை. அண்ணன் என்னைப் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டுமென்று, "அடுத்த வாரம் நானும் அப்படிப்பட்ட ஒரு கப்பலில் ஏறி ஏரிக்குள் போகிறேன்" என்று முடித்தேன். உண்மையில் நான் போனது துறைமுகத்துக்குள்ளேயே ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு. கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசி இருந்தது. கடிதத்தில் தேதி போடும் வழக்கமும் எனக்குக் கிடையாது.

அதன் பிறகு லில்லியைக் கல்யாணம் செய்துகொண்டேன். கோட்டயத்துக்காரி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைப் பற்றி எழுதியதற்கு அண்ணனிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. "வேற சாதி வேற சாமின்னு போனவன் எங்களுக்குச் செத்தவன். இனிமே கடுதாசி போடாதே." மகள் பிறந்தபோது மனசு கேட்காமல் ஒரு போட்டோ அனுப்பினேன். பெயரை எழுதவில்லை. கேட்டு எழுதட்டுமே என்ற ரோஷம். அவன் கேட்கவில்லை. நானும் நிறுத்திவிட்டேன்.

3

எண்பத்து மூன்றாம் வருஷக் கடைசியில், முதல் பனி விழுந்த வாரம், ஒரு கடிதம் வந்தது. அரூரில் விதைக்கடை வைத்திருக்கும் கரீம் எழுதியது. என்னோடு பத்தாவது வரை படித்தவன். கடிதத்தின் முதல் வரியை இன்னும் மனப்பாடமாகச் சொல்வேன்.

"டேய் கிரி, நீ உயிரோட இருந்தா இதுக்குப் பதில் போடு. இல்லீன்னா என்னை மன்னிச்சிடு, உன் கருமாதிச் சோத்தைத் தின்னுட்டேன்."

என் முழுப்பெயர் தீர்த்தகிரி.

விஷயம் இதுதான். கர்ணம் வேலை போய் வி.ஏ.ஓ. என்று புதிதாக ஆள் வந்திருந்த காலம். வெளியூர்க்காரர், யாரையும் தெரியாது. பெருமாள் அவரிடம் என் பழைய கடிதத்தைக் காட்டியிருக்கிறான். தபால் முத்திரை அழிந்து போன கடிதம், தேதி இல்லாத கடிதம், என் கையெழுத்திலேயே "ஏரிக்குள் போகிறேன்" என்று முடிகிற கடிதம். போய் எட்டு வருஷமாகிறது, தகவலே இல்லை, கல்யாணம் ஆகவில்லை, வாரிசு கிடையாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பங்காளிகள் நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பட்டா முழுசாக அவன் பெயருக்கு மாறிவிட்டது. ஊர் வாயை மூட, தர்ப்பையில் என்னைச் செய்து கொளுத்தி, புரட்டாசி அமாவாசையன்று கருமாதியும் போட்டுவிட்டான்.

கரீம் கடைசியில் எழுதியிருந்தான். "படையல்ல பாகக்கா வெச்சிருந்தாங்க. உனக்குப் புடிக்கும்னு உங்கண்ணன் சொன்னாப்புல. நீ அதைக் கண்டா ஓடுவியேடா. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு."

நிலத்தை எடுத்தது கோபம்தான். ஆனால் என்னைக் கொதிக்க வைத்தது இரண்டு விஷயம். போட்டோவைப் பார்த்த பிறகும் 'வாரிசு கிடையாது' என்று எழுதியது ஒன்று. செத்துப்போனவனுக்குப் பிடித்ததைப் படைப்பது நம் வழக்கம். அதில்கூட என் வாய்க்கு ஆகாததை வைத்தது இன்னொன்று. இவனைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கரீமுக்குப் பதில் போட்டேன். "நான் இருக்கிறேன். ஒருத்தரிடமும் சொல்லாதே. பாகல் விதை அனுப்பு."

4

எங்கள் வீட்டின் பின்புறம் புல்வெளி. லில்லி அதில் பூச்செடி வைக்க ஆசைப்பட்டாள். நான் மே மாதம், மண் இளகியதும், கடப்பாரையோடு இறங்கினேன். ஒவ்வொரு குத்துக்கும் அண்ணன் பெயர். இப்படியொரு தோட்டம் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அவன் பிடுங்கிக்கொண்ட மண்ணில் விளைகிறதெல்லாம் இங்கே விளைய வேண்டும். அதிலும் பாகற்காய் கட்டாயம் காய்க்க வேண்டும். அதை வற்றலாக்கி எடுத்துப்போய், என் திவசத்தன்றே, என் கையால் அவன் இலையில் வைக்க வேண்டும். நீ எனக்குப் படைத்தாயே, இந்தா தின்னு. இதுதான் திட்டம்.

பாகலுக்குச் சூடு வேண்டும். இங்கே ஜூன் தொடக்கத்தில்கூட உறைபனி விழும். மார்ச்சிலேயே விதையை ஈரத்துணியில் சுற்றி, வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம் வைத்து முளைகட்டினேன். டப்பாக்களில் நட்டு ஜன்னலில் வரிசையாக வைத்தேன். பட்டறையில் கழித்துப் போட்ட இரும்புக் குழாய்களைக் கேட்டு வாங்கிவந்து, வெல்டு வைத்து ஒரு பந்தல் போட்டேன். யானையைக் கட்டினாலும் அசையாது. மேலே பிளாஸ்டிக் தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் எட்டிப்பார்த்து, படகு நிறுத்தவா என்று கேட்டார். காய்கறிக்கு என்றேன். என்ன காய் என்றார். கசக்கும் என்றேன். கசக்கும் காய்க்கா இவ்வளவு இரும்பு என்று போய்விட்டார்.

இன்னொரு பக்கம் காகித வேலை. நம் தூதரக அலுவலகத்துக்கு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போய், நான் உயிரோடிருப்பதாக ஒரு சான்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களைத் தெரிஞ்ச ரெண்டு பேர் வந்து, நீங்க இருக்கீங்கன்னு சொல்லணும்" என்றார். நானே வந்திருக்கிறேனே என்றேன். "நீங்க சொன்னா எப்படி சார் எடுத்துக்கறது?" என்றார். அடுத்த தடவை லில்லியும் அவளோடு வேலை பார்க்கும் ஒரு நர்ஸும் லீவு போட்டு வந்து சாட்சி சொன்னார்கள்.

பட்டறையில் லீவு கேட்டதும் ஒரு கூத்து. இரங்கல் லீவு என்றால் உடனே கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மேஸ்திரியிடம் போய் ஊரில் ஒரு சாவுச் சடங்கு என்றேன். துக்கமான முகத்தோடு, இறந்தவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். என் ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து நேர்மையாக இருந்துவிட்டது. நான்தான் அது என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் எடுத்துக்கொள் என்றார்.

ஆகஸ்டில் காய்த்தது. நறுக்கி, மோரில் ஊறப்போட்டு, கார் ஷெட்டின் தகரக் கூரையில் காயவைத்தேன். ஏரிப் பறவைகள் வந்து ஒரு வாய் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டுப் போயின. அதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம்.

5

திவசத்தன்று மதியம் கரீமுடைய ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். முன்னால் மகள் நின்றாள், பின்னால் நான், மடியில் வற்றல் பை. லில்லிக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டு முன் பந்தல் போட்டு, பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இலையில் சோறு விழுந்திருந்தது. வி.ஏ.ஓ.வும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முகமாக நிமிர்ந்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"எனக்கும் ஒரு எலை போடுங்க" என்றேன்.

பெருமாள் எழுந்து வந்தான். தலை நரைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தான். அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் கேட்டான்.

"யாருங்க நீங்க?"

பத்து மாதம் வளர்த்த வஞ்சத்தை ஒரே வரியில் இறக்கினேன். "இன்னிக்கு யாருக்குச் சோறு போடறீங்களோ அவன்" என்றேன்.

சான்றை எடுத்து வி.ஏ.ஓ.விடம் நீட்டினேன். அவர் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடக்கையால் வாங்கிப் படித்தார். "இது ஜூலை மாசத்துச் சர்டிபிகேட்டுங்க. ஜூலைல இருந்தீங்கன்னு போட்டிருக்குது. இப்ப இருக்கீங்களான்னு மேல கேப்பாங்க" என்றார்.

கரீம் ஆரம்பித்தான். "ஏனுங்க, ஆளு முன்னால நிக்கிறான்…"

மாரியம்மன் கோவில் பூசாரி கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் ஆபீஸ் கதை. நம்ம முறை ஒண்ணு இருக்குது. கருமாதி ஆனவன் நேரா வூட்டுக்குள்ள வரக்கூடாது. பந்தியிலயும் குந்தக்கூடாது. திரும்பப் பொறக்கோணும். மொறத்துல குந்த வெச்சு, தவுடு குடுத்து வாங்கி, காதுல மூணு தரம் பேரு சொல்லோணும். அப்பன் இல்லீன்னா நெருங்கின பங்காளி சொல்லலாம்."

நெருங்கின பங்காளி யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு முறத்தில் நான் அடங்கவில்லை. இரண்டு முறத்தைச் சேர்த்துப் போட்டார்கள். நாற்பதை நெருங்கியவன், பேன்ட்டோடு, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை. பெருமாள் கையில் ஒரு பிடி தவிட்டைக் கொடுத்தார்கள். அதைப் பூசாரியிடம் கொடுத்து என்னை வாங்கினான். குனிந்து, என் காதருகே வந்து, "தீர்த்தகிரி" என்றான்.

"கேக்குல" என்றேன். "ஊருக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

சொன்னான். மூன்று தடவை, சத்தமாக. என்னைச் சாகடித்த அதே வாய். கையெழுத்துப் போட்ட நாலு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிஷத்துக்கு நான் இன்னொரு புல்வெளியைக்கூடக் கொத்தியிருப்பேன்.

எழுந்திருக்கச் சொன்னார்கள். நான் எழவில்லை. மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்தேன். "இவளையும் வாங்கு. இவ இல்லீன்னுதான எழுதிக் குடுத்த."

பெருமாள் பூசாரியைப் பார்த்தான். பூசாரி தவிட்டுப் பக்கம் கையைக் காட்டினார். இன்னொரு பிடி தவிடு வந்தது.

"பேரு என்னா?" என்றான் என்னிடம்.

"அவளையே கேளு."

அவள் பயந்து போயிருந்தாள். ஆறு வயது, பாஷை புரியாது, சுற்றிலும் இத்தனை முகம். பெயரைத்தான் கேட்கிறார் என்று நான் காதில் சொன்னேன். அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, பள்ளிக்கூடத்தில் சொல்வது போலச் சொன்னாள்.

"மாதம்மாள்."

அவன் கையிலிருந்து தவிடு உதிர ஆரம்பித்தது. தாயில்லாத அவனுக்கு எட்டு வயதுவரை சோறு ஊட்டியவளின் பெயர் அது. முதல் தடவை சொல்லிவிட்டான். இரண்டாவது தடவை பாதியில் நின்றது. மூன்றாவது தடவை உதடு மட்டும்தான் அசைந்தது. நான் இரக்கப்படவில்லை. "கேக்குல" என்று மறுபடியும் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட, கத்தினான்.

வி.ஏ.ஓ. கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அப்ப வாரிசு இருக்குதுங்களா?" என்று அவனைக் கேட்டார்.

"இருக்குதுங்க" என்றான் பெருமாள்.

6

பிறகு எனக்கு இலை போட்டார்கள். மொச்சைக் குழம்பு இல்லை. என்னிடம் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அண்ணியிடம் பையைக் கொடுத்து வறுத்துவரச் சொன்னேன். தட்டை நானே வாங்கிக்கொண்டுபோய், பெருமாளின் இலையில் குவித்தேன்.

"எனக்குப் படைச்சியே. கப்பலு காணாமப் போற ஊருல வெளைஞ்சது. தின்னு."

அவன் ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டான். மெதுவாக மென்றான். இன்னொன்று எடுத்தான். முகம் சுளிக்கும் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். அவன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா எனக்குப் பாகக்கா வெச்ச?" என்று கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

அவன் இலையைப் பார்த்தபடியே பதில் சொன்னான். "மொச்சைதான் ஆக்கச் சொன்னேன். அதை உன் எலைல வெக்கக் கை வருல. வெச்சா நீ செத்துட்டேன்னு ஆயிரும். பாகக்கா வெச்சா நீ எழுந்து ஓடுவ, நான் எடுத்துத் தின்னுக்குவேன். பழக்கம்." இன்னொரு வில்லையை வாயில் போட்டுக்கொண்டான். "இது நல்லாத்தான் இருக்குது. உப்புத்தான் பத்தல."

நிலத்தைத் திருடியவன் இப்படிப் பேசுகிறான். நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பட்டாவில் என் பெயர் திரும்ப ஏறும்வரை ஊரிலேயே இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். போகும்போது அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

7

அதன் பிறகும் வருஷா வருஷம் பாகல் போடுகிறேன். திவசத்துக்குள் அவன் கைக்குப் போய்ச் சேருகிற மாதிரி ஆகஸ்டிலேயே ஒரு பார்சல் அனுப்புவேன். கடைசிப் பறிப்பையும் காயவைத்து இன்னொன்று அனுப்புவேன். கடிதம் எழுதுவதில்லை. வற்றல் கெடாமலிருக்க எவ்வளவு உப்பு வேண்டுமோ அதைவிட ஒரு சிட்டிகை கூடப் போடுவதில்லை. ஒவ்வொரு பார்சலுக்கும் மூன்று வாரத்தில் அவனிடமிருந்து ஒரே வரியில் பதில் வரும். "வந்தது. உப்பு பத்தல." அதைப் படித்துவிட்டுத் திருப்தியாகச் சிரிப்பேன். லில்லி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வருஷம் ஆகஸ்டில் அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. ஏழு வாரம் ஆகிறது. கரீமுக்கு எழுதியிருக்கிறேன். அவன் இப்போது கடையைத் தருமபுரிக்கு மாற்றிவிட்டான், விசாரித்து எழுத நாளாகும். வேலை முடிந்து வரும்போது தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மின்சார பில், ஆஸ்பத்திரிக் கடிதம், மகளின் பள்ளிக்கூட நோட்டீஸ். பட்டறையில் நேற்று மறுபடியும் அந்தக் கப்பல் பேச்சு வந்தது. சாயங்காலம் வரைக்கும் ரேடியோவில் பேசியதாம், பிறகு சத்தமே இல்லையாம். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மகள் கடைசி விதையையும் நோண்டி எடுத்துவிட்டாள். மூக்குக் கிளிப்பைக் கழற்றிவிட்டு உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தத் தடவை சரியாகப் போடுங்கப்பா. பாவம் பெரியப்பா" என்றாள்.

பதில் வரவில்லை என்பதற்காக ஒருவன் போய்விட்டான் என்று முடிவு கட்ட நான் பெருமாள் இல்லை. ஜாடியை மூடி அலமாரியில் வைத்தேன்.

"முடியாது" என்றேன். "பத்தலன்னு அவன் எழுதியே ஆகணும்."